பூஜையில் இருந்த கடப்பாரை

பயம் வந்தால் உடனே கடைக்குப் போய் ஏதாவது வாங்கிவிட வேண்டும். அது ரத்தினசாமியின் சுபாவம். நெஞ்சு லேசாகப் பிடித்தால் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, பக்கத்துத் தெருவில் திருட்டு என்றால் இன்னொரு பூட்டு. வாங்கிய பொருள் வீட்டுக்குள் வந்ததும் பயம் வெளியே போய்விடும். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை யாரும் பிரிப்பதில்லை.

இந்தக் குணம் அவருக்கு வேலைபார்த்த இடத்தில் வந்து சேர்ந்தது. ஹனூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டை விட்டு இளவயதில் மைசூருக்கு வந்தவர், ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் நுழைந்து, கடைசியில் பாதுகாப்புப் பிரிவுக்கு சூப்பர்வைசர் ஆனார். சிவப்பு வர்ணம் அடித்த மணல் வாளிகள் வரிசையாகத் தொங்கும் சுவர்தான் அவருடைய ராஜ்யம். வருஷம் தவறாமல் வாளிக்கு வர்ணம், மணலுக்குச் சலிப்பு. அவர் இருந்த காலம் முழுக்க அங்கே தீப்பிடிக்கவில்லை. வாளி இருந்ததால்தான் தீ வரவில்லை என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். மறுத்துச் சொல்ல தீயும் வரவில்லை.

ஓய்வுபெறும் முன்பே மைசூரிலேயே விஜயநகர்ப் பகுதியின் கடைக்கோடி லேஅவுட் ஒன்றில் மூலை மனை வாங்கி, மாடி வைத்து வீடு கட்டினார். அந்த மனையின் ஓரமாக ஒரு காலுவெ ஓடியது. மேட்டில் இருக்கும் சின்ன ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் இறங்கிப் போவதற்காக எந்தக் காலத்திலோ யாரோ வெட்டிய நான்கடி அகலக் கால்வாய். கன்னடத்தில் காலுவெ என்றால் தமிழர்களும் காலுவெ என்றே சொன்னார்கள். வீடு எழும்பிய நாட்களில் அதில் தண்ணீரைப் பார்த்தவர் எவருமில்லை. எருக்கஞ்செடியும் பிளாஸ்டிக் பையும்தான் குடியிருந்தன.

கட்டட மேஸ்திரி லிங்கப்பன் மட்டும் ஒருநாள் தலையைச் சொறிந்தார்.

"சார், கார் ஷெட்டு நேரா காலுவெ மேல வருதுங்க. என்ன பண்றதுங்க?"

"தண்ணி போறதுக்கு அடியில ஏதாச்சும் வழி விட்டுட்டு மேல ஸ்லாப்பு போட்டுரு."

"எத்தன அகலத்துக்குங்க விடறது?"

"நீ மேஸ்திரியா, நான் மேஸ்திரியா?"

லிங்கப்பன் சிரித்துக்கொண்டு போனார். ஸ்லாப் போட்ட அன்று ரத்தினசாமி தொழிற்சாலையில் மணல் சலித்துக்கொண்டிருந்தார். என்றைக்காவது அவசியப்பட்டால் ஸ்லாப்பை உடைத்துக் காலுவெயைத் திறந்துகொள்ளலாம் என்ற தைரியம் அவருக்கு இருந்தது. அந்தத் தைரியத்தின் மேல்தான் பிறகு வெளியூரில் இருக்கும் மகன் மதன் வாங்கித் தந்த கார் நின்றது.

அப்புறம் வானம் புத்தி மாறியது. ஒரு காலத்தில் மைசூரில் மின்விசிறி என்பது விருந்தாளிக்கு மட்டும் போடுவது. இப்போது ஏப்ரல் மாதத்தில் தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது. போர்வெல் காற்றைக் கக்கியது. பென்ஷன்காரர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடினார்கள். ஜூனில் வரவேண்டிய மழை வரவில்லை. வரவே மாட்டாது என்று எல்லாரும் மனசைத் தேற்றிக்கொண்ட பிறகு, அக்டோபரில் ஒரு மாதத்துக்கு உண்டான மழை ஒரே மத்தியானத்தில் வந்து இறங்கியது. ரோடு முழங்கால் வரைக்கும் நிறைந்து, வடிந்தது.

அந்த வருஷம் அதிகம் நனைந்தவள் அஞ்சலை. ரத்தினசாமியின் சித்தப்பா மகள். ஹனூர்ப் பக்கம் அவர்கள் போட்ட மக்காச்சோளம் இரண்டு போகம் தொடர்ந்து காய்ந்தது. காயாமல் நின்றதை யானை தின்றது. கிணற்றைத் தோண்டத் தோண்டப் பாறைதான் வந்தது. அஞ்சலை, புருஷன் குப்புசாமி, மகள் மனிஷா மூன்று பேரும் பெட்டியோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள். அண்ணன் கைவிடவில்லை. அவர் வீட்டை ஒட்டி, பெங்களூர்க்காரர் ஒருவர் பாதியில் நிறுத்தி வைத்திருந்த அடுக்குமாடிக் கட்டடம் இருந்தது. அதற்குக் காவல் என்று சொல்லிக் குடிவைத்தார். கட்டடத்துக்குச் சுவர் இல்லை. அடியில் கார் நிறுத்துவதற்காகத் தோண்டிய பாதாள அறைக்கு மட்டும் இருந்தது. அதில், கான்கிரீட் போடுவதற்காக அடுக்கி வைத்திருந்த சென்ட்ரிங் பலகைகளுக்குப் பக்கத்தில், ஒரு மூலையைத் தகரம் வைத்து அடைத்து அவர்கள் குடித்தனம் நடத்தினார்கள். காலுவெத் தண்ணீர் போக வழியில்லாமல் ரோட்டில் ஏறினால், ரோடு சரிந்து போய்ச் சேரும் இடம் அந்தப் பாதாள அறைதான். அந்த அக்டோபரில் அஞ்சலையின் அடுப்பு அங்கே மிதந்தது.

"மாடி ரூமு சும்மாத்தான கெடக்குது. மழை காலம் முடியற வரைக்கும் அதுகளை மேல வெச்சுக்கலாமுங்க" என்றாள் ரத்தினசாமியின் மனைவி மகேஸ்வரி.

"மதன் திடீர்னு வந்துட்டான்னா?"

"அவன் எப்பங்க திடீர்னு வந்தான்?"

ரத்தினசாமி மாடி அறையைத் திறக்கவில்லை. ஆனால் அவருக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் அவர் சும்மா இருப்பவர் அல்ல.

குடியிருப்போர் சங்கத்தில் 'பருவநிலை முன்னேற்பாட்டுக் குழு' பிறந்தது அப்படித்தான். தலைவர் ரத்தினசாமி. மறு வருஷம் புரட்டாசி பிறந்த சமயம் கூடிய முதல் கூட்டத்துக்கு, வெள்ளமும் வறட்சியும் படித்த ஓர் அம்மாளைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் கேசரிபாத்தைத் தொடாமல் நேராக விஷயத்துக்கு வந்தார். இனிமேல் கோடை நீளும், மழை நாள் குறையும், பெய்கிற நாளில் கொட்டும் என்றார். கோடைக்காக மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வையுங்கள், மரம் வையுங்கள், வெயில் நேரத்தில் கூலியாட்களை வேலை வாங்காதீர்கள் என்றார். "மழைக்கு ரெண்டே வேலை. தண்ணீர் போகிற வழியைத் திறந்து விடுங்கள். உங்கள் தெருவில் எல்லாருக்கும் கீழே படுத்துத் தூங்குவது யார் என்று தெரிந்து வையுங்கள்." எல்லாரும் கைதட்டினார்கள். ரத்தினசாமி எழுந்து நின்று கைதட்டினார்.

அந்த அம்மாள் போனதும் எதிர்வீட்டுக் கெம்பம்மா, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர், கையைத் தூக்கினார்.

"மொதலு காலுவெ தெகீரி, ரத்னசாமியவரே." முதலில் காலுவெயைத் திறங்கள் என்கிறார்.

கூட்டம் தரையைப் பார்த்தது. மேட்டிலிருந்து இறங்கும் காலுவெ ரத்தினசாமியின் கார் ஷெட்டுக்குள் போய் மறைவது எல்லாருக்கும் தெரியும். அதோடு, தங்கள் தங்கள் வாசலில் சாக்கடைக்கு மேல் என்னென்ன போட்டிருக்கிறோம் என்பதும் தெரியும். கெம்பம்மாவின் துளசி மாடமே அப்படி ஒரு இடத்தில்தான் இருந்தது.

"திறக்கலாம். கண்டிப்பா திறக்கலாம்" என்றார் ரத்தினசாமி. "தசரா முடியட்டும். புரட்டாசில இடிக்கிற வேலை வேண்டாம்."

தீர்மானம் நிறைவேறியது. பிறகு குழு கடைக்குப் போனது. கைவிளக்குகள், விசில்கள், ஒரு தண்ணீர் இறைக்கும் பம்பு, மிதவைச் சட்டைகள், கடைசியாக ஒரு ரப்பர் படகு. கடல் மட்டத்துக்கு மேல் இரண்டாயிரத்தைந்நூறு அடி உயரத்தில் இருக்கும் ஊரில் படகு வாங்கிய முதல் தெரு தங்களுடையது என்று ரத்தினசாமி பெருமைப்பட்டார். எல்லாம் சங்கத்து அறையில் அடுக்கப்பட்டன. கதவுக்குப் பூட்டு, சாவி தலைவர் இடுப்பில்.

ஆயுத பூஜை அன்று காலை தெரு முழுக்கக் கார் கழுவினார்கள். ஏப்ரலில் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடியவர்கள்தான். வண்டிக்கு வண்டி வாழைக்கன்று கட்டி, சந்தனம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, நடுரோட்டில் பூசணிக்காயை உடைத்தார்கள். சங்கத்து அறையில் குழுவின் ஆயுதங்களுக்குத் தனிப் பூஜை. பம்புக்கு மாலை. படகுக்கு மூக்கில் குங்குமம். வரிசை கொஞ்சம் நிறைவில்லாமல் தெரிந்ததால் ரத்தினசாமி குப்புசாமியைக் கூப்பிட்டார்.

"மாப்ள, உம்பட கடப்பாரையும் மம்முட்டியும் கொண்டா. இதுங்கதான் நெசமான ஆயுதம்."

குப்புசாமிக்குச் சந்தோஷம். கடப்பாரையையும் மண்வெட்டியையும் தேய்த்துக் கழுவி, விபூதிப் பட்டை போட்டுக் கொண்டுவந்து வைத்தான். பூஜையில் வைத்த கருவியை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமிக் காலையில் மறுபூஜை செய்துதான் எடுக்கவேண்டும். ஊரெல்லாம் அதுதான் வழக்கம். ரத்தினசாமி கதவைப் பூட்டினார். அந்தத் தெருவில் இரும்பு என்று சொல்ல இருந்ததெல்லாம் அந்த அறைக்குள் ஊதுபத்தி வாசனையில் உட்கார்ந்துகொண்டது.

சாப்பிட்டுவிட்டு எல்லாரும் படுத்த நேரம். சாமுண்டி மலை முதலில் பாதி மறைந்தது, பிறகு இருந்த இடமே தெரியவில்லை. வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. நாய்கள் காரடிக்குள் போய் ஒண்டின. பிறகு மழை வந்தது. தூறலாக ஆரம்பித்து வலுக்கும் பழைய மரியாதையெல்லாம் அதற்கு இல்லை. எடுத்த எடுப்பில் கொட்டியது. ஓடும் தண்ணீர் தெருவெல்லாம் கிடந்த வாழைக்கன்றையும் பூசணி ஓட்டையும் கூட்டிக்கொண்டு காலுவெக்குள் இறங்கியது. காலுவெ அதையெல்லாம் வாங்கிக்கொண்டு ரத்தினசாமியின் கார் ஷெட் வரைக்கும் வந்து, அங்கே நின்று, மேலே ஏறியது.

ரத்தினசாமி வாசலில் நின்று பார்த்தார். ரோட்டில் தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு பக்கத்துக் கட்டடத்தின் சரிவுப் பாதையில் திரும்பியது. அதற்கு வழி தெரிந்திருந்தது.

அஞ்சலை கொட்டும் மழையில் ஓடிவந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, சாவி குடுங்க."

"என்ன சாவி?"

"சங்கத்து ரூமு சாவிங்க. அடுப்பு முழுகிருச்சு. அவரு அரிசி மூட்டையத் தூக்கிட்டு இருக்கறாரு. மண்ணள்ளித் தடுப்புக் கட்டறதுக்குக்கூட ஒரு மம்முட்டி இல்லீங்க."

"பூசைல வெச்சது அஞ்சல. நாளைக்குக் காலைலதான் தொடோணும். உனக்குத் தெரியாததா?"

"தெரியுமுங்கண்ணா." அவள் நகரவில்லை. முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்கவும் இல்லை. "கடப்பாரைய எடுத்தா எங்க குத்தோணும்னு உங்களுக்கும் தெரியுமுங்க."

ரத்தினசாமி ஸ்லாப்பைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். வானம் என்ற ஒன்று அங்கே இல்லை.

"அரைமணியில விட்டுரும். போன வருசமும் விட்டுருச்சல்ல."

குடையோடு வந்த கெம்பம்மா ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்தே சொன்னார். "பாகிலு தெகீரி. தேவரு ஏனூ அந்த்கொள்ளல்ல." கதவைத் திறங்கள், சாமி ஒன்றும் நினைத்துக்கொள்ளாது.

சாமி என்ன நினைக்கும் என்பது அந்த நேரத்தில் ரத்தினசாமிக்கு அவ்வளவு பெரிய கவலையாக இல்லை. தசரா முடியட்டும் என்று சாமி பேரைச் சொல்லித் தள்ளிவைத்த ஒரு வேலை வாசலில் வந்து நிற்கிறது, அதுதான் கவலை. அந்த ஸ்லாப்பை உடைத்தால், அதை அங்கே போட்டது தப்பு என்று தெரு பார்க்க ஒப்புக்கொண்டதாகும். மழை நின்றுவிட்டால் ஒப்புக்கொண்டது வீண். அவர் மழை நிற்பதற்காகக் காத்திருந்தார். வாழ்நாள் முழுக்க அவர் பயந்ததெல்லாம் நடக்காமல் போய்த்தான் அவரைக் காப்பாற்றியிருக்கிறது.

அஞ்சலை திரும்பி ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் மனிஷா வந்தாள். அந்தப் பெண்ணுக்கு அவசரம் என்றால் தமிழும் கன்னடமும் கலந்துதான் வரும்.

"மாமா, சென்ட்ரிங் பலகையெல்லாம் விழுந்து அப்பா காலு சிக்காக்கொண்டிதெ. தண்ணி இடுப்புக்கு வந்துருச்சு. பேக வாங்க." கால் மாட்டிக்கொண்டது, சீக்கிரம் வாருங்கள் என்கிறாள்.

ரத்தினசாமியின் உடம்பு அவரைக் கேட்காமல் ஓடியது. சங்கத்து அறைக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் எவ்வளவோ தூரம் இருப்பதாக அன்றுதான் தெரிந்தது. சாவி துவாரத்தில் ஏறவில்லை. பின்னால் வந்த கெம்பம்மா பிடுங்கித் திறந்தார். உள்ளே பம்பும் படகும் மாலையோடு சுகமாக இருந்தன. பம்புக்கு இன்னும் குழாய் மாட்டவில்லை. படகுக்குக் காற்றடிக்க எவருக்கும் தெரியாது. ரத்தினசாமி குங்குமமும் பூவுமாகக் கடப்பாரையை உருவிக்கொண்டு ஓடினார்.

பாதாள அறைக்குள் வெளிச்சம் குறைவு. தண்ணீரின் சத்தம்தான் அறை முழுக்க இருந்தது. குப்புசாமி சுவரோரம் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றான். தகரம் சாய்ந்து, அதன் மேல் பலகை அடுக்கு சாய்ந்து, அவன் கால் அடியில். அஞ்சலை அவன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"மச்சான், பலகைக்கு அடில குடுங்க. அங்கில்லீங்க, இந்தப் பக்கம்" என்றான் குப்புசாமி. வலிக்கிற ஆள் பேசுகிற மாதிரி இல்லை. வேலைத்தலத்தில் கையாளுக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னான்.

ரத்தினசாமி கடப்பாரையை விட்டு நெம்பினார். முதல் தடவை வழுக்கியது. இரண்டாம் தடவை தண்ணீர் அவர் வாய்க்குள் வந்தது. கெம்பம்மாவும் குடையை வீசிவிட்டு வந்து சேர்ந்து அழுத்திய பிறகு பலகை விலகியது. குப்புசாமியை இழுத்துக்கொண்டு சரிவுப் பாதையில் ஏறினார்கள். கணுக்கால் வீங்கி, தோல் உரிந்து தொங்கியது. அவர்கள் ஏறி முடிப்பதற்குள் அரிசி மூட்டை, பாய், மனிஷாவின் பள்ளிக்கூடப் பை எல்லாம் சேர்ந்து ஒருமுறை சுற்றி வந்து கண்ணில் படாமல் போயின.

மகேஸ்வரி யாரையும் கேட்கவில்லை. மாடி அறையைத் திறந்து, மதனுக்காக மடித்து வைத்திருந்த மெத்தையை விரித்து, மனிஷாவுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

ரத்தினசாமி மாடிக்கு வரவில்லை. கார் ஷெட்டுக்குள் போனார். காரைப் பின்னால் எடுத்து ரோட்டில், தண்ணீருக்குள், விட்டார். அது இரண்டு முறை இருமி நின்றது. திரும்பிப் பார்க்காமல் ஸ்லாப்பின் நடுவில் கடப்பாரையை இறக்கினார். யாரும் சொல்லவில்லை. மழைக்குள் குடை பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தெரு கூடியது. தலைவர் தன் வீட்டைத் தானே குத்துவதை அவர்கள் பார்த்தார்கள். பழைய கம்பி, துருப்பிடித்தது. சிமெண்ட் பெயர்ந்தது. மனுஷன் படுத்துப் போகும் அளவுக்கு ஒரு பிளவு விழுந்ததும் மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டார்.

அடியில் காலுவெ இல்லை.

உடைந்த செங்கல், உறைந்து கல்லான சிமெண்ட் மூட்டை, அவர் வீட்டுச் சமையலறைக்கு ஒட்டி மிஞ்சிய நீல டைல்ஸ் துண்டுகள். கால்வாயின் நான்கடி அகலத்துக்கும் அதுதான் அடைந்து கிடந்தது. வீடு கட்டி மீந்த கழிவை வண்டி வைத்து அனுப்புவானேன் என்று லிங்கப்பன் அங்கேயே கொட்டி மூடியிருக்கிறார். நடுவில், ஏதாச்சும் வழி விடு என்று சொன்ன வார்த்தைக்கு மரியாதையாக, சமையலறைக் கழிவுக்குப் போடுகிற குழாய் ஒன்று. மேட்டுப் பக்கம் பார்த்த அதன் வாயில் ஒரு பூசணி ஓடு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

குப்புசாமி ஒற்றைக் காலில் சுவரைப் பிடித்து வந்து எட்டிப் பார்த்தான். கட்டட வேலைக்காரன் பார்வை அது.

"மச்சான், இது இன்னைக்கு ஆவற வேலையில்லீங்க. மிஷின் வந்தாலும் நாலு நாளு ஆகும்."

"நாளைக்குக் காலைல..." என்று ஆரம்பித்த ரத்தினசாமி அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

கூட்டத்தில் ஒருவர் கைபேசியைப் பார்த்து, வாரம் முழுக்க மழை என்று போட்டிருக்கிறது என்றார். மேட்டுப் பக்கத்திலிருந்து வந்த இன்னொருவர், ஏரி இன்னும் வழியவே ஆரம்பிக்கவில்லை, இதெல்லாம் ரோட்டுத் தண்ணீர்தான் என்றார். அதைக் கேட்டதும் கூட்டம் கலைந்தது. அவரவர் வாசலில் சாக்கடைக்கு மேல் போட்டிருந்த கல்லை நினைத்துக்கொண்டு அவசரமாக வீட்டுக்குப் போனார்கள். கெம்பம்மா தன் துளசி மாடத்தின் முன்னால் போய், நனைந்த புடவையோடு, வெகுநேரம் நின்றார்.

ரத்தினசாமி குனிந்து ஒரு செங்கல்லை எடுத்து வெளியே வைத்தார். அடுத்ததை எடுத்தார். எடுத்த இடத்தில் தண்ணீர் ஊறி வந்தது. போக வழியில்லாமல் ஸ்லாப்பின் பிளவு வழியாக மேலே தளும்பி, கார் ஷெட்டின் தரையில் பரவி, வீட்டு நிலைப்படியைத் தொட்டது.

அஞ்சலை மாடியிலிருந்து இறங்கி வந்தாள். மகேஸ்வரியின் சேலை அவளுக்கு நீளமாக இருந்தது.

"போதுமுங்கண்ணா. நனையாதீங்க, உள்ள போங்க." கடப்பாரைக்குக் கை நீட்டினாள்.

அவர் கொடுக்கவில்லை.

"ஏனுங்க" என்று உள்ளேயிருந்து மகேஸ்வரி கூப்பிட்டாள். "ஹாலுக்குள்ள தண்ணி வருதுங்க."

ரத்தினசாமி தலை நிமிராமல் நீல டைல்ஸ் ஒன்றைப் பெயர்த்து வெளியே வைத்தார். அஞ்சலை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவருக்கு எதிரில் தண்ணீரில் உட்கார்ந்து, அடுத்த கல்லை எடுத்தாள்.